சரிவில் தரை எது?

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு.
சாங்கித் துறையில் ஒன்பது பேர் நிற்கிறோம்.
மிச்ச மூவர் காசையும் நான் தருகிறேன் என்றதும்
தியோ சிகரெட்டை அணைத்தார்.
அலுவலகம் திருப்பித் தரும்,
ரசீது மட்டும் இருந்தால்.

உபின் தீவின் ஒரு கரையில்
ஆறு வீடு, ஒரு சைக்கிள் கடை,
அவற்றின் முதுகை ஒட்டி ஒரு குன்று.
வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை,
உயரம் உண்டு: நாற்பத்து மூன்று மீட்டர்.
எங்கள் புளோக்கில் பதினைந்தாம் மாடி.

என் வேலை எளிது.
அரை மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றவேண்டும்.
சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டினால்
எண் பொறித்த தகடு.
தாண்டாவிட்டால் அது மரமே இல்லை,
படிவத்தில் ‘இதரத் தாவரம்’.
வரப்போகும் விடுதிக்கு முப்பது அறை.
எல்லா அறைக்கும் கடல் தெரியவேண்டுமாம்.

தெம்புசு, நூற்று நாற்பது. தகடு பதினேழு.
ஏழிலைப்பாலை, நூற்றுப் பன்னிரண்டு. தகடு பதினெட்டு.
தொண்ணூற்றாறு. இதரம்.
தொண்ணூற்றொன்பது. இதரம்.
மழை. நாடா வழுக்குகிறது.

உயர்நிலை மூன்றில் தமிழாசிரியை
பலகையில் ஐந்து கட்டம் போட்டார்.
மலைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று,
இடையில் அடிக்கோலால் இழுத்த கோடு.
இங்கே அந்தக் கோட்டைத் தேடிப் பார்க்கிறேன்.
புன்னை பாதிக்குன்று ஏறி நிற்கிறது.
நண்டு வளை வேருக்கடியில்.
இருவாச்சி ஒன்று காட்டிலிருந்து வந்து
அலைமேல் திரும்பி
காட்டுக்கே போகிறது, கோடு எதையும் மிதிக்காமல்.

நான் குடியிருக்கும் பிடோக்கிலும் குன்றுகள் இருந்தனவாம்.
வெட்டிக் கடலில் கொட்டினார்கள்.
அதன்மேல் நெடுஞ்சாலை, தென்னை, பார்பிக்யூ மேடை.
ஞாயிறுதோறும் நாங்கள் கோழி வாட்டுவது
ஏதோ ஒரு குன்றின் வயிற்றின்மேல்.
குற்றம் சொல்லவில்லை. கோழி ருசியாகத்தான் இருக்கும்.

சைக்கிள் கடை ரொக்கியாவுக்கு என் வயதுதான்.
குளிர்பெட்டியின் கதவைக் காட்டினாள்.
முழங்கால் உயரத்தில் ஒரு செம்மண் கோடு.
போன டிசம்பரில் மேற்குப் பக்கம் வழிக்காக
எட்டு மரம் எடுத்தார்களாம்.
“அதற்கப்புறம் மலை சமையலறைக்கு வந்தது,” என்றாள்.
“நீ எண்ணுகிற ஆள்தானே? எத்தனை?”
“நாற்பத்தேழு.”
குன்றை நிமிர்ந்து பார்த்தாள்.
“அவ்வளவுதானா?” என்றாள்.
டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டாள்.

மறுநாளும் அதே புன்னை.
மேட்டுப் பக்கம் நின்று அளந்தேன். தொண்ணூற்றேழு.
எழுதப்போகையில் கால் சறுக்கி
மரத்தின் கீழ்ப்பக்கம் போய் விழுந்தேன்.
சேற்றில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தால்
வேர் விரிந்து அகலும் இடம் கண்ணுக்கு நேரே.
விதியில் ‘தரையிலிருந்து’ என்றிருக்கிறது.
சரிவில் தரை எது?
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவே சாய்ந்து நிற்கிறது மரம்.
கடல் பக்கத் தரையிலிருந்து அரை மீட்டர்.
நாடாவைச் சுற்றினேன்.
இழுத்துப் பிடித்தேன், தளர்த்தவில்லை, சத்தியமாக.
நூற்று மூன்று.

பிறகு ஒவ்வோர் இதரத்துக்கும் கீழே இறங்கினேன்.
பொழுது சாய்வதற்குள்
அறுபத்தொரு தாவரங்கள் மரங்களாயின.
தகடு தீர்ந்துபோய்
கடைசி ஒன்பதுக்கு ரொக்கியா கொடுத்த
பழைய டியூப்பை வெட்டிக் கட்டினேன்.

மேலாளர் ஓங் போனில் கேட்டார்:
“நேற்று நாற்பத்தேழு, இன்று நூற்றெட்டா?”
“நல்ல மழை சார்.”
அவர் சிரிக்கவில்லை. வைத்துவிட்டார்.

படிவத்தின் கடைசிக் கட்டம், குறிப்பு.
எப்போதும் காலியாக விடுவேன். இன்று எழுதினேன்:
கடல் பக்கம் நின்று அளந்தது. வை. தமயந்தி.
போதுமா, தெரியவில்லை.
கூட்டத்தில் யாராவது வந்து
மேட்டுப் பக்கம் நின்றால் முடிந்தது.

திரும்பும் படகில் பதினான்கு பேர் ஏறிவிட்டோம்.
இரண்டு பேர் இறங்கினால்தான் எடுப்பேன் என்றார் தியோ.
இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.
ஒருவரும் அசையவில்லை.