ஈ செத்தது

முசே என்றால் ஈ.
மிரே என்றால் செத்தது.
சேர்த்துச் சொன்னால் முஸ்மிரே.
பைன் மரத்தடியில் பாசியைப் பிளந்துகொண்டு
வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புத் தொப்பியோடு நிற்கிறதே,
அதன் பெயர்.

எங்கள் காட்டில் மற்றக் காளான்களுக்கு
செல்லப் பெயர்கள் உண்டு.
மஞ்சளாய்ச் சுருண்டு கிடப்பது அணில்குட்டி.
இதற்கு மட்டும் முழு வாக்கியம்:
எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது,
முற்றுப்புள்ளிதான் பாக்கி.
அதுவும் இறந்தகாலம்.
இனி பேச எதுவும் இல்லை என்பது போல.

ஆகஸ்டு கடைசி.
பன்றிக் கொட்டிலின் ஈக்கள்
சமையலறைக்கே குடிவந்துவிட்டன.
வரேனா மரம் அறுக்கும் ஆலையில்
அன்று சம்பள நாள்.
சம்பளம் வழியில் எங்கோ இறங்கிக்கொள்ள
ரப்போலஸ் மட்டும் வீடு வந்து சேர்ந்தான்,
ஒரு பூட்ஸோடு.

விளிம்பு உடைந்த சாசரில் பால் ஊற்றி
தொப்பியைப் பிய்த்து மிதக்கவிட்டேன்.
சர்க்கரை ஒரு சிட்டிகை.
விருந்து அல்லவா.

வந்தன.
ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார் போல
முன்கைகளைத் தேய்த்துக்கொண்டன.
குடித்தன.
ஒன்று விளிம்பையே சுற்றிச் சுற்றி நடந்தது.
ஒன்று தன் நிழலோடு சண்டைக்குப் போனது.
பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்தன,
பதினேழு.
ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரை ஒரு முறை
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டெஃபானியா:
"பெருக்கி அடுப்பில் போட்டாயா?"
"காலையில் போட்டுக்கொள்ளலாம்."
"காலையிலா?" சிரித்தாள்.
"காலையில் எதைப் போடுவாய், மார்செலே?"

அடுப்பு இன்னும் சிவந்துதான் இருந்தது.
துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில்.
மேசைமேல் பதினேழு,
மேசையடியில் ஒருவன்,
எல்லாரும் மல்லாக்க.
நான் விளக்கை அணைத்துவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.

விடியலில் முதலில் ஒரு கால் அசைந்தது.
யாருடையது என்று சொல்லமாட்டேன்.
பிறகு ஒரு இறக்கை, ஒரு முனகல்.
ஈக்கள் எழுந்து தள்ளாடி
ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் போயின.
முந்தின நாளின் ஞாபகம்
ஒன்றுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, பெயர் பொய்.
செத்தது என்று சொல்லிவிட்டு
தூங்கவைத்துவிட்டுப் போகிறது.
மிச்ச வேலையைத்
துடைப்பம் வைத்திருக்கிறவளிடம் விட்டுவிடுகிறது.

ரப்போலஸ் எழுந்து உட்கார்ந்தான்.
உதடு வெடித்திருந்தது.
"என்ன கிழமை?"
"வியாழன்."
அவன் கை மேசைமேல் ஏறித் தடவியது.
ரொட்டித்துண்டு, உப்புக் கிண்ணம்,
அப்புறம் சாசர்.
ரோஜா நிறத்துக்கு மாறியிருந்த பால்.
தூக்கினான்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஆயிற்று.
எவ்வளவு என்று ஸ்டெஃபானியா இதுவரை கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

"முஸ்மிரே," என்றேன்.

சாசர் இறங்கியது.
அவன் என்னைப் பார்த்தான்,
என் அகராதியை முதல்முறை புரட்டுகிறவன் போல.
பிறகு வாளியருகே போய்
இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தான்,
நெடுநேரம்.

பாலை வேலியோரம் குழி தோண்டிக் கொட்டினேன்.
கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன்.
ஒன்பது மணி ரயிலில் நகரத்துக்காரர்கள் வருவதற்குள்
அணில்குட்டிகள் இரண்டு கிலோவாவது தேற வேண்டும்.

வாசலில் என் புறங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
பதினேழில் எது என்று தெரியவில்லை.
கைகளைத் தேய்த்துக்கொண்டது.
விரட்டவில்லை.