இருபத்தேழில் பதினாறு

துக்மில், கடலுக்கும் பாலைக்கும் நடுவே
ஒரு வேலி.
உள்ளே நான்கு பேர் தேர்வெழுதுகிறார்கள்:
சூரியத் தகடு, காற்றாலை, கண்ணாடித் தொட்டி, அலை மிதவை.
மேற்பார்வை நான்.
கால் மணிக்கொரு தரம்
வந்ததில் எவ்வளவு தந்தாய் என்று
ஒவ்வொருவரையும் கேட்டு எழுத வேண்டும்.

அலை மிதவைக்கு மூன்று வாரமாக உடம்பு சரியில்லை.
அதன் கட்டத்தில் சிறு கோடு.

தகட்டின் சான்றிதழில் இருபத்திரண்டு சதவீதம்.
இருபத்தைந்து டிகிரி அறையில் வாங்கிய மதிப்பெண் அது.
இங்கே ஜூலை.
முதுகில் வெப்பமானி வைத்தேன்: அறுபத்தெட்டு.
ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும்
படித்ததில் கொஞ்சம் மறக்கிறது.
வெயிலைத் தின்னப் பிறந்தது
வெயில் மிஞ்சினால் செரிக்காமல் தவிக்கிறது.
பத்தொன்பது.
தூசி படிந்த ஒன்பதாம் நாள், பதினாறு.

விடியுமுன் நாலு மணிக்குத்
தொஃபஸ்ஸல் துடைத்த வரிசைகள் மட்டும்
மறுபடி பத்தொன்பது.
பன்னிரண்டரைக்கு அவன் துடைப்பத்தைக் கீழே போட்டான்.
பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
வெயிலில் ஆள் வேலை செய்யக்கூடாதென்று சட்டம்.
தகடுகளுக்கு அந்தச் சட்டம் இல்லை.
கன்டெய்னர் நிழல் நகர நகர
அவனும் தூக்கத்திலேயே நகர்கிறான்.

அந்த மூன்று சதவீதத்தை
எந்தக் கட்டத்தில் எழுத, என்று ரய்யாவைக் கேட்டேன்.
என்னைவிட ஒன்பது வயது இளைய என் மேலதிகாரி.
"குறிப்பு" என்றார்.
குறிப்புக் கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
பெயர் அடங்கியது.
வினை அடங்கவில்லை.

கண்ணாடித் தொட்டி பதினைந்தைத் தாண்டியதில்லை.
நாலு பேரில் கடைசி ரேங்க்,
மிதவையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.
ஆனால் பகல் சூட்டை உப்பில் ஊறவைத்துக்கொண்டு
இரவு ஒன்பதுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
இருட்டியபின் எல்லாரும் அதன் பக்கம்தான் திரும்புகிறார்கள்.
அறிக்கையில் "எப்போது" என்றொரு கட்டமே கிடையாது.

காற்றாலைக்காரி நாற்பத்துநாலு.
தென்மேற்குக் காற்று ராத்திரி பகல் பாராமல் வருகிறது.
மீதியை ஏன் விடுகிறாள் என்றேன்.
ரய்யா தகட்டுத் தூசியில் விரலால் வரைந்தார்:
மூன்று இறக்கை, உள்ளே ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு.
காற்றின் வேகம் முழுவதையும் இறக்கை பிடுங்கிக்கொண்டால்
காற்று அங்கேயே நின்றுவிடும்.
பின்னால் வருகிற காற்றுக்கு வழியிராது.
ஆகவே போகவிட வேண்டும்.
உச்சமாக எடுக்கலாம்:
இருபத்தேழு பங்கில் பதினாறு.
அதற்கு மேல் எந்த இறக்கைக்கும் கிடையாது.

(அவர் வரைந்த அந்தத் தகடு
அன்று மாலை அண்டைத் தகட்டைவிட
ஒரு நூலளவு கூடத் தந்தது.
நான் பதிவு செய்யவில்லை.)

சம்பளம் வந்த ராத்திரி.
இருநூற்று எழுபது ரியால்.
நூற்றறுபது வழக்கம்போல ஊருக்கு.
அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன்,
ஏழு வருடமாக அதே கணக்கு.
யாரும் எனக்குச் சூத்திரம் சொல்லித் தரவில்லை.

ஜெசிந்தா கூப்பிட்டாள்.
பையனுக்கு இரண்டாம் தவணை, தண்ணி மோட்டார் காயில் போச்சு,
இன்னும் ஒரு முப்பது கிடைக்குமா.
மெஸ் காசு, போன், வெள்ளிக்கிழமை ஒரு மீன்
என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
"இருபத்தேழில் பதினாறுக்கு மேல் எடுத்தால்
காற்று நின்றுவிடும்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "குடிச்சிருக்கியா?"

இருபது அனுப்பினேன்.
பதினெட்டு பங்கு.
இயற்பியல் எழுந்து வந்து கதவைத் தட்டவில்லை.
மீன் மட்டும் இந்த மாதம் இரண்டு வெள்ளி வராது.

இரண்டே கால். அளவு எடுக்கும் நேரம்.
தகடு: பூஜ்ஜியம், தூங்குகிறது.
தொட்டி: உப்பு ஆறிவிட்டது.
மிதவை: கோடு.
காற்றாலை நாற்பத்துமூன்று.
எழுதிவிட்டு வெளியே நின்றேன்.
அவள் எடுக்காமல் விட்ட காற்று
என் சட்டைக்குள் புகுந்து
தொஃபஸ்ஸலின் கொடித்துணியை ஆட்டிவிட்டு
கடல் பக்கம் போயிற்று.