இரைச்சல் நீக்கி

டர்பனில் மழை. உம்பிலோ கல்லூரி மண்டபத்தில்
அடையாள அட்டைக்கு நின்ற வரிசை
கார் நிறுத்துமிடம்வரை நீண்டிருந்தது.
என் அட்டையில் பெயரைப் பிழையாக அடித்திருந்தார்கள்.
சரோஷ்னியின் அட்டையில் பெயரே இல்லை,
'ஊடகம்' என்று மட்டும்.
"பார், நான் ஊடகமாம்" என்றாள்,
நாற்பத்து மூன்று பேர் கேட்கிற பாட்காஸ்ட்டின்
சரிபாதிப் பங்காளி.

ஆண்டுக்கொரு தரம் கூடுகிற கணினிப் பித்தர்கள்.
இந்த முறை மூலைக்கு மூலை மைக்.
வந்தவர்களில் பாதிப் பேர் பேட்டி எடுக்க வந்தவர்கள்;
கொடுக்க ஆளில்லாமல்
ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டோம்.
கிரிக்கெட் பற்றிப் பேசும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்
என் கனவுகளைப் பற்றிக் கேட்டார்.
நான் அவருடைய மைக் என்ன விலை என்று கேட்டேன்.

பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
அட்டவணைப்படி போனதால் யாரும் உச்சுக்கொட்டவில்லை.
ஒரு ரோபோ மட்டும்
தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டது,
விடை தெரிந்த ஒரே பையன் போல.
பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது,
விளக்குக்கும் தேநீர்க் கொதிகலனுக்கும் மட்டும்.
அன்றைய பதிவுகள் எல்லாவற்றுக்கும்
அதுதான் சுருதிப்பெட்டி.

அதற்கு மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொன்னான்
பதினேழாம் மேசை லுங்கேலோ.
அவனே எழுதிய மென்பொருள்:
பேச்சை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடும்.
"உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பதிவைக் கொடுங்கள்."
சரோஷ்னி யோசிக்கவேயில்லை.
போன வருடம், இதே மண்டபத்தில்,
தேநீர் மேசையருகே பதிந்து
வெளியிடவும் அழிக்கவும் மனம் வராத கோப்பு.

முதலில் பழையதை ஓடவிட்டான்.
கோப்பைகள், மைனாக்கள், தகரக் கூரையில் மழை,
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்,
நடுவே ரௌட்டர் பற்றி என் குரல்,
மைக்கிலிருந்து ஆறடி தள்ளி எங்கோ
கணசீலன் படையாச்சியின் சிரிப்பு.

பிறகு பொத்தானை அமுக்கினான்.

கூரை போயிற்று. மைனா போயிற்று.
கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக என் குரல்,
ரௌட்டர் பற்றி, ரௌட்டர் பற்றி மட்டும்.
சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள்.
நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது.
மைக்குக்கு நேரே பேசாதவனை
அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டது.

சீலனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பெர்த்துக்குப் போனான்,
மார்ச்சில், வேலை கிடைத்து, இரண்டு பெட்டியோடு.
'நாங்கள் மூவர்' என்று தொடங்கும் முகப்பை
இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம், சோம்பல்.
எங்களைவிட ஆறு மணி நேரம் முன்னால் இருக்கிறான்;
எதற்கும் நேரம் ஒத்துவருவதில்லை.
கேட்பவர்களில் ஒருவர் பெர்த்தில் என்கிறது புள்ளிவிவரம்.
எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறார், அந்த ஒருவர்.

"இதைத் திரும்ப அழுக்காக்க முடியுமா?"
கேட்டது சரோஷ்னி.
லுங்கேலோ சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.
ஒரு ஸ்லைடர் இருக்கிறது என்றான்.
ஹெட்ஃபோனின் ஒரு காதை அவள் வைத்துக்கொண்டு
மற்றதை என் பக்கம் திருப்பினாள்.
நூறிலிருந்து மெல்ல இறக்கினான்.
எண்பதில் தூறல் விழுந்தது.
அறுபதில் ஒரே ஒரு மைனா.
நாற்பதை நெருங்கும்போது மின்சாரம் வந்து,
ஜெனரேட்டர் நின்று,
மண்டபமே 'ஓ'வென்று கத்தியதில்
சிரிப்பு வந்ததா என்று எனக்குக் கேட்கவில்லை.

ரோபோ கையைக் கீழே போட்டது.

அவள் இன்னும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.
எங்கள் மைக்கில் சிவப்பு விளக்கு.
எப்போது போட்டாளோ, ஓடிக்கொண்டிருக்கிறது.
"என்ன பார்க்கிறே? பேசு" என்றாள்.
எனக்கு ரௌட்டரைத் தவிர
வேறெதுவும் வாயில் வரவில்லை.