மரம் தொடாத வெட்டு

பேரைக் கேட்டால் பேருக்கு முன்னே
அதைத்தான் சொல்வேன்:
எனக்குப் பென்சிலின் ஆகாது.
குலசேகரத்தில், தக்கலையில்,
லிஜினைப் பெற்ற நெய்யூரில்,
எந்தச் சீட்டிலும் அது சிவப்பு மையில் மேலே.
றோசலெட் நீல மையில் கீழே.

ஒன்பது வயதில் தொண்டைக்கு ஊசி போட்டார்களாம்.
மறுநாள் உடம்பெல்லாம் தடித்ததாம்.
அந்த வாரம் எஸ்டேட் லைனில்
ஏழு பிள்ளைகளுக்கு மணல்வாரி.
அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.
கம்பவுண்டர் எழுதிக் கொடுத்தார்.
அம்மா மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.
வசனத்தோடு அதுவும் மனப்பாடமாயிற்று.

இந்த ஆனியில்
மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
எனக்கொன்றும் கட்டாமல் வெட்டப் போனேன்.
கால் வீங்கியது. மூன்றாவது தடவை, அதே கால்.
போன தடவை தந்த பெரிய மருந்தில்
கால் வற்றிற்று,
வயிறு பதினெட்டு நாள் நிற்கவில்லை.

ஆசாரிபள்ளத்தில் டாக்டர் ஜெனிஷா,
என் மகனைவிட இளையவள், கேட்டாள்:
மூச்சு முட்டிச்சா? உதடு வீங்கிச்சா?
ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில்?
யாரு பார்த்தது?
பார்த்தவள் கல்லறைத் தோட்டத்தில்.
என்னிடம் இருந்தது மூன்று சொல்தான்.

நான் ரப்பர் வெட்டுக்காரி.
பட்டை திறக்கணும், மரத்தைத் தொடப்படாது.
தொட்டால் அங்கே முடிச்சு விழும்,
பிறகு வருஷக்கணக்கில்
எல்லாக் கத்தியும் அதைச் சுற்றித்தான் போகணும்.
அவள் ஊசியும் அந்த ஆழத்தில்தான் நின்றது.
ரத்தம் வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

முன்கையில் மூன்று துளி.
ஒன்று வெறும் உப்புத்தண்ணி.
நடுவில் உள்ளது தடித்தே ஆகணும்,
இல்லையென்றால் என் தோல் பொய் சொல்லுகிறது.
மூன்றாவது, அது.
பேனாவால் வட்டம் போட்டு மணி பார்த்தாள்.

இருபது நிமிடம்.
சிரட்டையில் பால் சொட்டுவதை இப்படிப் பார்த்திருக்கிறேன்,
என் கையைப் பார்த்ததில்லை.

நடு வட்டம் கொசு கடித்தாற்போல எழுந்தது.
மூன்றாவதில் என் தோல் மட்டும் இருந்தது.
பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே ஓர் ஊசி.
பிறகு அதே வகையில் ஒரு மாத்திரை.
தட்டில் மாற்றுமருந்து தயாராக
பக்கத்திலேயே சிஸ்டர் ஒரு மணி நேரம்.
சொறிய ஓர் இடம் தேடினேன். கிடைக்கவில்லை.

எதிர் நாற்காலியில் கடியபட்டணம் செலஸ்டின்.
அவருக்கு மூன்றாவது வட்டம்
எட்டணா அகலத்துக்குச் சிவந்து பொங்கிற்று.
"அப்ப எனக்கு உள்ளதுதான்," என்றார்,
தொலைந்த பத்திரம் கிடைத்தவர் போல.
அவர் சீட்டில் சிவப்பு இன்னும் பெரிதாயிற்று.

என் சீட்டில் ஒரு கோடு, தேதி, கையெழுத்து.
நாற்பது வருஷத்துக்கு மேல் எனக்குப் பூட்டியிருந்த
சாதாரண மருந்து அன்று இரவே ஏறிற்று.
பெரிய மருந்தை எதற்கெடுத்தாலும் போட்டால்
கிருமி அதையும் படித்துவிடும் என்றாள் ஜெனிஷா.
எட்டாம் நாள் கால் செருப்புக்குள் போயிற்று.

ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டேன்.
எந்தப் படிவத்திலும் தாய்வழிச் சொத்தாக
அதை எழுதி வருகிறவன் லிஜின்.
"மக்களே, அது குடும்பத்தில இறங்காதாம்.
எனக்கே இல்லையாம். அடிச்சிரு."
லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.
"அப்ப நமக்கு என்னதாம்மா ஆகாது?"

வீட்டுக்குப் போகும் நாள்
மருந்து ஜன்னலில் ஒருவன் தலை தூக்காமல் கேட்டான்:
பேரு?
வாய் திறந்தேன்.
நாக்கு அந்த முடிச்சில் தட்டி நின்றது.
பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள்.
றோசலெட், என்றேன்.