மூன்றாவது நிமிடத்தில் ஒரு நாற்காலி

கடைப் பையன் சொன்னான்:
முதல் இருநூறு மணி நேரத்தை நம்பாதீர்கள்,
புதுச் செருப்பு மாதிரி, கொஞ்சம் கடிக்கும்.
கப்பல் தளத்தின் வருடக்கடைசி போனஸ்
பூசான் நகரத்துச் சுரங்கக் கடையொன்றில்
உள்ளங்கை அளவு அலுமினியமாய்ச் சுருங்கியது.
கருவாட்டுப் பொட்டலம்போல் கோட்டுக்குள் வைத்து
உல்சானுக்குப் பஸ் ஏறினேன்.

யோன்-சுன்னிடம் பாதி விலைதான் சொன்னேன்.
மீதியை அவளே கூட்டிக்கொண்டாள்.

கடித்தது உண்மை.
ட்ரம்பெட் தகரம் கிழித்தது.
என் கிரைண்டரே வீடுவரை பின்தொடர்ந்து வந்து
பியானோ முன் உட்கார்ந்ததுபோல் இருந்தது.
பகலெல்லாம் இரும்பு தேய்க்கிறவனுக்கு
ராத்திரியும் இரும்பா?
சாக்ஸ் இழுப்பறைக்குள் போட்டு, தனியாகப் பாடவிட்டுப் படுத்தேன்.
ஒன்பது நாள், யார் காதிலும் விழாமல், பாடியது.
சார்ஜர் வயர் மட்டும்
எலிவால்போல் வெளியே.

பத்தாம் நாள் செல்லோ.
ஏதோ குளிர்நாட்டுத் தேவாலயத்தில்
ஒருத்தி தனியே வாசித்துப் பதிந்தது.
வில் நரம்பைத் தொடும் முன்பே
அவள் மூக்கால் இழுத்த மூச்சு.
பிறகு, மூன்றாவது நிமிடம் பதினாலாவது நொடியில்,
ஒரு நாற்காலி முனகியது.

இசை எழுதியவர் எழுதாதது.
அவள் வாசிக்காதது.
ஓர் உடம்பின் எடை
ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாறிய சத்தம், அவ்வளவுதான்.
இதே பாட்டைப் பழைய போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்;
அங்கே அவளுக்கு உடம்பே இருந்ததில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வெல்டர் பே கேட்டான்,
என்ன பாட்டு?
நாற்காலி, என்றேன்.
காதடைப்பானைக் கழற்றாமலே தலையாட்டினான்:
நல்ல பாட்டு.

இரண்டாம் வருடம் ஒலி கனிந்தது.
முள்ளெல்லாம் உதிர்ந்து
பாகு பதத்துக்கு வந்துவிட்டது.
பையன் சொன்னது பொய்யில்லை என்று
பேயிடம் பெருமையடித்தேன்.
மூன்றாம் வருடம் இன்னும் கனிந்தது.
மூச்சு மெலிந்தது.
ஒருநாள் பார்த்தால்
நாற்காலியைக் காணோம்.

இயர்போனை மாற்றினேன்.
வெள்ளிக் கம்பி வயர், ஒரு வார ஓவர்டைம்.
மென்பொருளைப் பழையதற்கே இறக்கினேன்.
பேட்டரிமேல் பழி போட்டேன், குளிர்மேல் போட்டேன்.
ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும்
ஒரே ஒரு சாயங்காலம்
அது திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

மார்ச்சில் தளத்துக்கு மருத்துவ வண்டி வந்தது.
சத்தம் வந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் நர்ஸ்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் தோள் அசைவதைப் பார்த்து
அழுத்திக்கொண்டிருந்தேன்.
சிரித்துவிட்டு, என் ஸ்டூலைத் திருப்பிப் போட்டாள்.
காகிதத்தில் கோடு ஒழுங்காகத்தான் நடந்து போகிறது;
நாலாயிரம் ஹெர்ட்ஸ் வந்ததும்
கைப்பிடி இல்லாத படிக்கட்டில் விழுகிறது.

பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கிறது:
நாற்பதாயிரம் வரை.
பெட்டி சொன்ன சொல் தவறவில்லை.
அது கனியவும் இல்லை.

காகிதம் இப்போது சாக்ஸ் இழுப்பறையில்.

ஞாயிற்றுக்கிழமை சூடேறிய தரையில் உட்கார்ந்து
யோன்-சுன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
கை ஈரம், நீயே மாட்டிவிடு என்றாள்.
ஒரு காதில் மாட்டினேன். மற்றது எனக்கு.
கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்தாள்:
மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.

நான் எதுவும் சொல்லாமல்
மறுபடி மூன்றாவது நிமிடத்துக்குத் திருப்பினேன்.
மறுபடி கூரையைப் பார்த்தாள்.
பிறகு கூரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும்
பூண்டு வாசனை விரலால்
என் மணிக்கட்டில் ஒரு தட்டு.
சில இரவுகளில் இரண்டு தட்டு,
சில இரவுகளில் ரொம்ப முன்னாலேயே.
நொடி எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நிஜமாகவே அங்கேதானா?
அவளைக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கவும் இல்லை.