நாற்பத்தொன்றாம் தட்டு

ட்ரோம்சோவில் சூரியன் வராத பதினேழாம் நாள்.
மங்கிய பச்சை விளக்கடியில்
தகடு சுற்றிய பெட்டியைத் திறக்கிறேன்.
அந்தப் பச்சை செடிகளுக்குத் தெரியாதாம்.
அரைகுறையாகத் தெரியும் என்பது என் சந்தேகம்.

உள்ளே ஆறு நாள் இருட்டில் முளைத்தவை,
கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கைகள்.
நூலாய் நீண்டு, வெளுத்து,
நுனி கவிழ்த்து,
தலைக்குமேல் இன்னும் மண் இருப்பதாகவே
ஒவ்வொன்றும் நம்பிக்கொண்டு.
எள்ளில் கால்வாசிகூட இல்லாத விதையின் சேமிப்பு,
முழுக்க நீளத்துக்கே போய்விட்டது.

நாற்பத்தொன்றாம் தட்டில் ஒன்று மட்டும்
குட்டையாய், தடித்து, நிமிர்ந்து
இரண்டு இலையும் விரித்து நிற்கிறது,
விடிந்துவிட்டது போல.

"ஆஸ்லாக், கதவைத் திறந்தாயா?"
"காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை, தொருன்."

தொட்டிக்கு மாற்றினேன்.
ஜனவரியில் சூரியன் திரும்பிய அன்று
ஊரே ஜாம் பன் தின்றது.
அது சட்டைப் பொத்தான் அளவே இருந்தது.
காய்க்க ஜூன் ஆயிற்று. பதினொரு விதை.

ஜூனில் இங்கே இரவு கிடையாது,
நாமே செய்துகொள்ள வேண்டும்.
மூன்று சுற்றுத் தகடு, கறுப்புத் துணி,
அதன்மேல் என் பழைய பனிக்கோட்டு.
ஆறாம் நாள் பார்த்தால்
ஆறு விதையும் ஆறு குட்டைகள்,
இருட்டுக்குள் கைவிரித்து.

பச்சை மட்டும் ஏறவில்லை.
பச்சையத்துக்கு உண்மையான வெளிச்சம் வேண்டும்,
நம்பிக்கை போதாது.

ஒரு மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை.
உடம்பு தானே காய்ச்ச வேண்டிய ஹார்மோன் ஒன்று
பாதி வழியில் நின்றுபோயிருக்கிறது.
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்,
வெளிச்சம் வந்துதான் இலையை விரிக்கிறதென்று.
இலை என்றைக்குமே தயார்.
பொறு, பொறு என்று பிடித்து வைக்கத்தான்
செடி இருட்டில் மருந்து காய்ச்சுகிறது.

மிச்சம் ஐந்து விதைக்கு
அந்த ஹார்மோனைத் துளி கலந்து கொடுத்தேன்.
நீண்டன. வெளுத்தன. தலை கவிழ்ந்தன.
மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால்
எது எதுவென்று தெரியவில்லை,
தட்டின் அடியில் பென்சில் எண் இல்லாவிட்டால்.

"குணமாகிவிட்டது" என்றான் ஆஸ்லாக்,
சந்தோஷமாக.
குறிப்பேட்டில் நானும் அப்படித்தான் எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டு
நீளம் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன்.

இரவு இரண்டு மணி. மலைமேல் வெயில்.
வீட்டு ஜன்னலில் கறுப்புத் திரை,
ஓரமெல்லாம் ஒட்டுநாடா.
ஒரு மூலை பிரிந்து
விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிகிறது
என் காலடிப் போர்வையில்.
எழுந்து ஒட்டவில்லை.