டுப்ளிகேஷன் வீதிக்குப் பக்கத்தில்

யூனியன் பிளேஸ், ஐந்தாம் மாடி.
இரவு எட்டரை.
கண்ணாடியில் மழை பக்கவாட்டாக இறங்குகிறது.
நாங்கள் நால்வர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை,
ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்க.

மூலநிரலுக்கு அல்ல. அதற்குப் பெயர் உண்டு.
அதிலிருந்து ஒவ்வொரு தரமும் வெந்து இறங்குவது,
இன்று கொட்டிவிட்டு நாளை மறுபடி வடிக்கக்கூடியது,
அது எங்கே கிடக்கவேண்டும் என்பதுதான் வழக்கு.

‘பில்ட்’ என்கிறாள் ருவந்தி.
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது,
உள்ளே கையால் எழுதிய கட்டளைகள்.
போன மாதம் ஒருவன் துப்புரவு செய்யப்போய்
அதையும் சேர்த்துத் துடைத்தான்.
பெயர் சொல்லமாட்டேன்.
இமாத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்க்கிறான்.

‘டிஸ்ட்’ என்றால்
மிச்ச எழுத்துகள் எவருக்கும் நினைவில்லை.
‘பின்’ என்கிறான் மயூரேசன்.
எனக்கு அது தமிழில் கேட்கிறது:
பின், பிறகு, அப்புறம் பார்ப்போம்.
அப்புறம் பார்ப்போம் என்று விட்டதெல்லாம்
சேர்வரில் வரிசையாக நிற்கிறது:
புதியது, புதியது2, கடைசி,
கடைசி_இதுதான், கடைசி_சத்தியமாக.

திகதி போடுவோம், கிளையின் பெயர் போடுவோம்,
கட்டிய இயந்திரத்தின் பெயரும் போடுவோம்.
பாதை நீள்கிறது,
படிவங்களில் என் பெயர் நீள்வதுபோல.
முன்னால் அப்பா, பின்னால் நான்.
கட்டுநாயக்காவில் அப்பாவின் பெயரால் கூப்பிடுவார்கள்,
நான் திரும்பக் கொஞ்சம் நேரமெடுக்கும்.
விண்டோஸ் அவ்வளவு பொறுமைசாலி அல்ல.
இருநூற்று அறுபது எழுத்து, அதோடு சரி.

வீட்டுக்குப் போகும் வீதியை நினைக்கிறேன்.
பலகையில் மூன்று மொழியிலும் வேறு பெயர்.
ஓட்டோக்காரர் இன்னும்
‘டுப்ளிகேஷனாலயா போறது?’ என்றுதான் கேட்பார்.
நகல் என்றே பெயர் வாங்கிய வீதி,
காலி வீதியின் பாரத்தை இறக்கிக்கொள்ள
அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. உள்ளே அல்ல.

“வெளியில் வைப்போம்,” என்கிறேன்,
“மூலத்துக்குப் பக்கத்தில்.
வாயில் எது வருகிறதோ அந்தப் பெயர்.”

ஒன்பதே காலுக்கு ‘அவுட்’ என்று முடிந்தது.
வாதத்தில் வென்றதல்ல.
கொத்து ரொட்டி வந்துவிட்டது.
கிரிக்கெட் பகிடிகளையும் அதோடு சேர்த்துத் தின்றோம்.

எண்ணெய் விரலைத் துடைத்துவிட்டு
புறக்கணிப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
முக்கால் மணிநேரம் பெயர் தேடியதை
இனிக் கண்டுகொள்ளாதே என்று.

“அழிச்சுப் பாக்கட்டா?” என்றான் இமாத்.
அழித்தான்.
நாலு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது.
இன்னொரு தரம் அழித்தான், சும்மா.